மரிக்காரின் குரல் எந்தப் பெட்டியில்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிபிசி தன் பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தானே அழித்துவிட்டது என்று லண்டனில் இருக்கும் மருமகன் சொன்னாராம். அது உண்மையா என்பது முதல் கேள்வி. உண்மையென்றால் நம்முடைய வானொலித் தொடர் ‘கோமாளிகள் கும்மாளம்’ எங்கே கிடக்கிறது, அதை முழுதாக எங்கே போய்க் கேட்கலாம் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மருமகன் சொன்னது உண்மை. 1965 முதல் 1967 வரை பிபிசியில் ‘யுனைடெட்’ என்று ஒரு தொடர் வந்தது, ஒரு கால்பந்துக் கழகத்தின் கதை. 147 பகுதிகள். ஒன்றுகூட இன்று இல்லை. வணிகத் தொலைக்காட்சியும் சளைத்ததில்லை. பர்மிங்ஹாம் பக்கத்து மோட்டல் ஒன்றை வைத்து ஏடிவி நிறுவனம் 1964இல் தொடங்கிய ‘கிராஸ்ரோட்ஸ்’ 1988 வரை ஓடியது. 4,500க்கும் மேற்பட்ட பகுதிகள். அவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன. ஆனால் மான்செஸ்டரில் கிரனாடா நிறுவனம் 1960 டிசம்பரில் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ முதல் பகுதியிலிருந்து அப்படியே இருக்கிறது. அதே நாடு, அதே காலம், அதே மாதிரி நாடா. கிரனாடாவில் யாரோ வைத்திருக்கச் சொன்னார்கள், மற்ற இடங்களில் யாரும் சொல்லவில்லை. வேறு மர்மம் எதுவும் இல்லை.

அழித்ததில் வன்மமும் இல்லை. அன்றைய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம், விலையோ யானை விலை. ஒரு நாடகம் ஒளிபரப்பாகி முடிந்ததும் அதே நாடாவில் அடுத்ததைப் பதிந்தார்கள். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் கடிவாளம் போட்டிருந்தது. வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளை யாருக்கு வேண்டும் என்று நினைத்தார்கள். பழைய நிகழ்ச்சிகளை ஒழுங்காகப் பாதுகாக்க வேண்டும் என்ற புத்தி பிபிசிக்கு 1970களின் கடைசியில்தான் வந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இலங்கைத் தீவில் தொலைக்காட்சியே 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியோடுதான் வந்தது, ரூபவாஹினி 1982இல். அதற்கு முன் நமக்குத் தொடர் என்றால் வானொலித் தொடர். ஐம்பதுகளில் இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’. அவற்றை ஒலிக்கு ஏற்றிய ‘சானா’ என்ற சண்முகநாதன். பிறகு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் விளம்பரதாரர் தயவில் வந்த தொடர்கள். சில்லையூர் செல்வராசன் எழுதி, மக்கள் வங்கி விளம்பரத்தோடு வந்த ‘தணியாத தாகம்’ நேரத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆள் நடமாட்டம் குறைந்ததை அந்த வயதுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

‘கோமாளிகள் கும்மாளம்’ ராமதாஸ் எழுதியது. நான்கு பேர். ராமதாஸே மரிக்கார், ராஜகோபால் அப்புக்குட்டி, செல்வசேகரன் உபாலி, அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் நான்கும் ஒரே அறையில் மோதும். 1976இல் இது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. கொழும்பு எப்படிப் பேசியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இதன் எழுத்துப் பிரதி நாளைக்கே கிடைத்தாலும் பாதிதான் கிடைத்த மாதிரி. மரிக்கார் ஒரு சொல்லை எங்கே இழுத்தார், உபாலி எங்கே தடுக்கினார் என்பதைத் தாளில் எழுத வழியில்லை.

வானொலி நாடா எப்படி வேலை செய்தது என்பதை இங்கே விளக்கப்போவதில்லை; கசெட் வைத்திருந்த தலைமுறைக்கு அது தெரியும். ஒரு கணக்கு மட்டும். வானொலி நிலையங்களில் பரவலாக இருந்த வேகம் நொடிக்கு ஏழரை அங்குலம், அதாவது 19 சென்டிமீட்டர். கால் மணி நேர நாடகத்துக்கு 171 மீட்டர் நாடா வேண்டும். வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை விரித்துவிடலாம். அது ஒரே ஒரு தொடருக்கு. நாடா இறக்குமதிப் பொருள், அந்நியச் செலாவணியில் வாங்க வேண்டும். நாடகம் பதிந்த நாடாவின் றீலை ஒரு மின்காந்தத்தின் மேல் வைத்து, மெதுவாகச் சுழற்றி எடுத்தால் சில நொடிகளில் வெற்று நாடா தயார். உலகத்தில் எந்த வானொலி நிலையம்தான் இந்த ஆசைக்கு மயங்காமல் இருந்தது?

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. சுதந்திரச் சதுக்கத்து வானொலி நிலையத்தின் இசைத்தட்டு நூலகம் பெயர்பெற்றது. பழைய இந்திப் பாட்டுத் தட்டுகளுக்காக இந்தியாவிலிருந்துகூட ரசிகர்கள் அதைத் தேடி வந்திருக்கிறார்கள். தட்டு காசு கொடுத்து வாங்கியது. அதற்கு விலைச்சீட்டு உண்டு, பதிவேட்டில் எண் உண்டு. நாடகம் நாமே செய்தது, அடுத்த வாரமும் செய்யலாம். வாங்கிய பொருளுக்குக் கிடைத்த மரியாதை செய்த பொருளுக்குக் கிடைக்கவில்லை. இது வானொலிக்கு மட்டும் உள்ள குணம் என்று நான் சொல்லமாட்டேன்.

நம்மவர்களிடம் இழப்பைப் பற்றிக் கேட்டால் நெருப்பைத்தான் சொல்வார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ, அதோடு கருகிய படச்சுருள்கள். சொல்ல வேண்டியதுதான், மறக்கக் கூடாததுதான். ஆனால் நெருப்புக்குத் தேதி இருக்கிறது, குற்றவாளி இருக்கிறான், ஆண்டுதோறும் கட்டுரை வருகிறது. சிக்கனத்தால் போனதற்குத் தேதி கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு நல்ல மனிதர், மறுநாள் பதிவுக்கு நாடா இல்லையே என்று ஒரு றீலைத் துடைத்திருப்பார்.

அப்படியானால் மிஞ்சியது எப்படி மிஞ்சியது? இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறது: நிலையத்துக்கு வெளியே போன பிரதிதான் பிழைத்தது. திரையைப் படமெடுத்துப் பிலிமாக்கி வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளை அழித்துப் பதிய முடியாது. குப்பையில்தான் போடலாம், சில இடங்களில் அதற்கும் சோம்பல். 2013இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் காணாமற்போன ஒன்பது பகுதிகள் கிடைத்தது நைஜீரியாவின் ஜொஸ் நகரத்து நிலையம் ஒன்றில். அந்தத் தொடரில் இன்னும் பல பகுதிகளுக்குப் படம் கிடைக்கவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. காரணம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்து டேப்பில் பதிந்தார்கள். சட்டப்படி அது சரியா என்று அப்போது கேட்டிருந்தால் இன்று அந்த ஒலியும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். எழுபதுகளில் ரேடியோவும் கசெட்டும் ஒன்றாக இணைந்த பெட்டி வந்ததும் பதிவது ஒரு விரல் வேலையாயிற்று. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கனடாவுக்குப் போகும்போது என்னிடம் ஒரு பெட்டி கசெட் விட்டுச் சென்றது. பாட்டுகள், ஒரு கலியாண வீடு, நடுநடுவே நாடகத் துண்டுகள். சிலவற்றை ரேடியோ முன்னால் மைக் வைத்துப் பதிந்திருக்கிறார்கள் போலிருக்கிறது; வசனத்துக்கு நடுவில் கடற்கரைப் பாதையில் ரயில் போகிறது, யாரோ ஒரு பிள்ளையை வாயை மூடச் சொல்கிறார்கள். ஒரு கசெட்டில் நாடகத்துக்குப் பிறகு பொத்தானை அமத்த மறந்ததால் மரண அறிவித்தல் முழுவதும் பதிவாகியிருக்கிறது. காலம் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாதனம் வேறில்லை. பெயரையும் தகனக் கிரியை நாளையும் பழைய வீரகேசரியின் மரண அறிவித்தல்களோடு ஒப்பிட்டால் ஒலிபரப்பான நாளையே பிடித்துவிடலாம். இப்படிப் பயன்படும் என்று அந்த அறிவித்தலுக்குக் காசு கட்டிய குடும்பம் நினைத்திருக்காது.

இனி எனக்குப் பிடித்த விசித்திரம். பின்னணி இரைச்சல் குறைந்த ஒரு பழைய கசெட்டை இரவில் காதொலியில் கேளுங்கள். நடிகர் உரக்கப் பேசுவதற்கு ஒரு கணம் முன்னால், அமைதிக்குள், அதே வசனம் மிக மெலிதாகக் கேட்கும். நடிகர் வாய் திறக்கும் முன்பே அவருடைய குரல். பேயுமில்லை, எதிரொலியுமில்லை, எதிரொலி எந்தக் காலத்தில் முன்னால் வந்தது?

நாடா சுருளாக இருக்கும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றின்மேல் ஒட்டிக் கிடக்கிறது. உரத்த குரல் பதிந்த இடத்தின் காந்தம், தொட்டுக்கொண்டிருக்கும் சுற்றுகளில் தன் சாயலைப் பதிக்கிறது. அம்மா புதுச் சுங்குடிச் சேலையைத் துவைக்காமல் அலுமாரியில் அப்பாவின் வேட்டிமேல் மடித்து வைத்த ஆண்டில், வெள்ளை வேட்டியில் கட்டம் போட்டது போல மங்கிய சிவப்பு வந்தது. அதே சங்கதிதான். சாயல் உள்ளே ஒரு சுற்றிலும் வெளியே ஒரு சுற்றிலும் விழும். ஒன்று குரலுக்கு முன்னால் கேட்கும், மற்றது பின்னால். பின்னால் வருவது பேச்சுக்குள் மறைந்துவிடும். முன்னால் வருவது அமைதியில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய நாடாவில் இது கூடும். அதனால் 60 நிமிடக் கசெட்டைவிட 90 நிமிடக் கசெட் மோசம், 120 நிமிடம் அதைவிட மோசம். வெப்பத்திலும் கூடும், கொழும்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயலுக்கும் அசல் குரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு சுற்றின் நீளம்தான். கசெட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. நடுவச்சின் அருகே ஒரு சுற்று ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், அப்படியென்றால் இடைவெளி ஒன்றரை நொடி. சுருளின் வெளிவிளிம்பில் சுற்று பெரிது, இடைவெளி மூன்று நொடியைத் தாண்டும். ஆகவே கசெட்டின் தொடக்கத்திலேயே சாயல் மூன்று நொடி முந்தி வந்தால், அதைத் திரும்பச் சுற்றி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். ஒன்றரை நொடிதான் என்றால், ஓடி முடிந்தபடியே அலுமாரிக்குள் போட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு வீட்டில் கசெட்டை எப்படி வைத்தார்கள் என்பதை இடைவெளியை அளந்தே சொல்லிவிடலாம்! ஒரு பெரிய றீலிலிருந்து பிரதி எடுத்த கசெட் என்றால் இன்னும் வேடிக்கை. றீலின் சாயலும் சேர்ந்து பிரதியாகிவிடும். பத்தரை அங்குல றீலின் வெளிச்சுற்றில் அது நான்கு நொடிக்கும் மேல். கசெட்டின் சொந்தச் சாயலுக்கு அந்த நீளம் வராது. அத்தகைய இடைவெளி கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள்: யாரோ நிலையத்து நாடாவிலிருந்தே பிரதி எடுத்திருக்கலாம்.

ஆகவே வாசகருக்குப் பதில்: முழுதாகக் கேட்க நான் காட்டக்கூடிய ஓர் இடமில்லை. ஆனால் துண்டுகள் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும், அவற்றுக்கு நேரம் குறைகிறது. காலி வீதியோரத்துப் பழைய வீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டுகிறார்கள். வீடு மாறும்போது முதலில் வெளியே போவது கசெட் பெட்டி. சாமிப் படத்தைத் தூக்கி எறியத் தயங்குகிற கை இதற்குத் தயங்குவதில்லை. கே. எஸ். பாலச்சந்திரனின் தனிநடிப்பு ‘அண்ணை றைற்’ இன்று கனடாவிலும் சிட்னியிலும் கேட்கிறது என்றால், அது கசெட்டாகக் கை மாறி, பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டதால்தான். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கி வரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. காப்பகத்துக்கு அரசாங்கம் கட்டடம் கட்டட்டும் என்று காத்திருப்பவர்கள் பூஞ்சணத்தைத்தான் வளர்ப்பார்கள்.

பெட்டி கிடைத்தால் கசெட்டை உடனே ஓட்டாதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம், தெரிந்தவர் கையில் கொடுங்கள். தெரியாவிட்டால் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். இறுகிய சுற்றுகள் பிரியும், சாயலும் கொஞ்சம் குறையும். அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கசெட்டின் முதுகைப் பாருங்கள். அழிபடாமல் இருக்க உடைத்துவிடும் சிறு தகடு இரண்டு மூலையிலும் உண்டு. உடைத்த ஓட்டையின்மேல் செலோடேப் ஒட்டியிருந்தால், உங்கள் வீட்டிலும் ஒரு பிபிசி நடந்திருக்கிறது: யாரோ வைத்திருக்க நினைத்ததன்மேல் வேறு யாரோ பாட்டுப் பதிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கசெட்டையும் கடைசி வரை ஓடவிடுங்கள். பாட்டுகள் முடிந்த பிறகு பழைய நாடகத்தின் வால் மிச்சமிருக்கும் கசெட்டுகள் அந்த வெள்ளவத்தைக் குடும்பத்தின் பெட்டியிலேயே இரண்டு மூன்று இருந்தன.