தொட்டறியும் கல்வி

தோல் மருத்துவர் என்றதும் படையும் சொறியும் தீர்ப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் நம் நாட்டில் அத்துறையில் மேற்பட்டம் பெற விழைவோர் மூன்று ஆண்டுகள் பயிலும் படிப்பின் பெயர், தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவம் என்பதாகும். அம்மூன்றனுள் தொழுநோய்க்கு மட்டும் தனிப் பயிற்சி ஏன் வேண்டும் என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

தொழுநோய் தோலில் தோன்றினும், அது பெருங்கேடு விளைவிப்பது நரம்பில். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த கிருமி, தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளை நலிவிக்கிறது. முழங்கையின் உட்புறத்து நரம்பு கெட்டால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்து மடங்கும். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவருக்கு இந்நோய் கண்டதாகக் கொள்வோம். உளி பட்ட காயம் அவருக்கு வலிக்காது. அக்கடற்கரையில் வலை இழுப்பவருக்கோ, கயிறு உள்ளங்கையை அறுப்பது தெரியாது. வலி என்னும் காவலன் நீங்கிய உறுப்பு, பேணாத புண்ணால் அழிகிறது. விரல்கள் தாமே உதிர்கின்றன என்பது பொய்.

இதைத் தடுக்கும் கலையைக் கற்பிக்கும் இடம் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் உள்ளது. 1924இல் தோன்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய இடம் அது. 1947இல் அவரைக் காண வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். அப்பிடியின் வலிமை கண்டு வியந்தார். சில தசைகள் செயலிழந்தாலும் ஏனையவை நலமாக உள்ளன என்பதை அந்தப் பிடி உணர்த்தியது. நலமான தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நிமிர்த்தும் பணியைப் பின்னர் அவர் வேலூரில் வளர்த்தார்.

பயிற்சி மருத்துவரும் முதலில் தம் விரல்களையே பழக்க வேண்டும். காதின் கீழும், முழங்கையிலும், முழங்காலின் வெளிப்புறத்திலும் நரம்பைத் தடவி, இருபுறத்தையும் ஒப்பிட்டுத் தடிப்பை உணர வேண்டும். தேமலில் உணர்வு உண்டா என்பதைப் பஞ்சு இழையால் சோதிக்க வேண்டும். காது மடலைச் சிறிதே கீறி எடுத்த திசுநீரில் கிருமியைத் தேட வேண்டும். நரம்பு திடீரென வீங்கி நோகுமாயின் பிரெட்னிசலோன் மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட நரம்புச் சேதம் பெரும்பாலும் மீளக்கூடும். அதற்கு மேல் நாள் கடந்தால் நம்பிக்கை குறையும்.

கிருமியை அழிப்பது இன்று அரிதன்று. 1981இல் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைக் குணமாக்குகிறது. அது இலவசமாகவும் கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டு இறுதியில், நாடு முழுமைக்கும் நோயாளர் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்கும் கீழே இறங்கியது. எனினும் 2023இல்கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர்.

நோய் குறையக் குறைய, அதைக் காணும் மருத்துவரும் குறைகின்றனர். கண்டு பழகாதவர், உணர்வற்ற தேமலைச் சாதாரணப் படை எனக் கருதிக் களிம்பு தந்து அனுப்பிவிடலாம். அதற்குள் ஒரு கை முடங்கிவிடும். ஆதலின், அரிதாகும் நோய்க்கே பயிற்சி மிகுதியாக வேண்டும் என்பேன். உங்களுள் நாளை மருத்துவராவோர், அருகில் சென்று தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றே வளர்த்துக்கொள்ளுங்கள்.