வரவேற்பறையோடு நிற்காத விருந்தாளி



நம் கொங்கு மண்ணில் வீட்டுப்படி ஏறி வருகிறவருக்கு முதலில் "வாங்க" என்று ஒரு சொல், அடுத்து ஒரு செம்புத் தண்ணீர். என்ன காரியமாக வந்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இன்றும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். விருந்தாளியை மதிக்கத் தெரிந்த நாம், நம் ஆண்டவரை எப்படி வரவேற்கிறோம் என்று சற்றுச் சிந்திப்போம்.

வெயில் ஏறிய நண்பகலில் ஆபிரகாம் தன் கூடார வாயிலில் உட்கார்ந்திருந்தார். வழிப்போக்கர் மூவரைக் கண்டதும் எழுந்து ஓடினார். கால் கழுவத் தண்ணீர், மரத்து நிழல், சாரா சுட்ட அப்பம் என்று உபசரித்தார் (தொநூ 18:1-8). வந்தவர் ஆண்டவர். ஆண்டவருடைய வருகை பலிபீடத்தின் முன் நிகழவில்லை. மாவு பிசைகிற, அடுப்பு எரிகிற சாதாரண வீட்டு வேலைகளின் நடுவே நிகழ்ந்தது. பிள்ளைச் செல்வம் பற்றிய வாக்குறுதியும் அந்த விருந்தின்போதே கிடைத்தது.

நம் இல்லங்களில் பெரும்பாலும் முன்னறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் இருக்கிறது. அதன் கீழே ஒரு சிறு சிவப்பு விளக்கு. திரு இருதய ஆண்டவரை இல்லங்களில் அரியணை ஏற்றும் பக்தி முயற்சியை, பெரு நாட்டில் பிறந்த அருட்பணி மத்தேயோ கிராலி-போவி 1907ஆம் ஆண்டு தொடங்கினார். திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் அதற்கு ஆசி அளித்தார். குடும்பத்தின் முடிவுகள், வரவு செலவு, சண்டை சமாதானம் அனைத்தும் இனி ஆண்டவருக்கு முன்பாகவே நடக்க வேண்டும் என்பதே அதன் பொருள். முன்னறையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். மற்ற அறைகளை?

1. அடுக்களை

மார்த்தா இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றவர். பல வேலைகளைப் பற்றிய கவலையில், வந்தவரையே கவனிக்க முடியாமல் போனதுதான் அவருடைய குறை (லூக் 10:38-42). 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் இறைவனோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகினார். அதிகாலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது ஒரு சிலுவை அடையாளம், பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு மனவல்லிய செபம் போதும். அன்றைய வேலை இறைவனோடு செய்யும் வேலையாகிவிடும்.

2. பீரோ

இயேசு சக்கேயுவின் வீட்டில் நுழைந்தபோது, பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்டதாக நற்செய்தியில் இல்லை. சக்கேயு தானாகவே எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காகவும் தருவதாகச் சொன்னார் (லூக் 19:1-10). ஆண்டவர் உள்ளே வந்தால் கணக்கு நோட்டு தானே திறந்துகொள்ளும். சனிக்கிழமை பட்டுவாடா செய்யும் கூலி, கொப்பரை எடை போடும் தராசு, கைமாற்றுக்கு வாங்கும் வட்டி ஆகியவற்றை அவர் பார்க்க நாம் அனுமதிக்கிறோமா? அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4).

3. கொல்லைப்புறம்

நம்முடைய "வாங்க" எல்லாருக்கும் ஒன்றுபோல ஒலிக்கிறதா? மனம் வலிக்கும் கேள்வி இது. தேங்காய் பறிக்க வருகிறவருக்குத் தேநீர் எங்கே, எந்தக் குவளையில் கொடுக்கிறோம்? நம் பகுதியில் தனிக்குவளைப் பழக்கம் இருந்தது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. தென்னைநார் ஆலைகளுக்கும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்திருப்பவர்களை நாம் பெயர் சொல்லி அழைத்திருக்கிறோமா? ஆபிரகாமிடம் வந்ததும் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர்களே.

இதில் நமக்கு வழிகாட்டி நம் தமிழ் மண்ணின் புனிதர் தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு இல்லறம் நடத்தியவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன் பிறகு உயர்வு தாழ்வு பாராமல் எல்லாச் சாதியினரோடும் பழகினார். கிறிஸ்துவை ஏற்றவர், கிறிஸ்து யாரோடெல்லாம் அமர்ந்தாரோ அவர்களையும் ஏற்றார். அது அவருக்குப் பகையைச் சம்பாதித்துக் கொடுத்தது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே.

அன்பானவர்களே, ஞாயிறுதோறும் நற்கருணையில் நம்மிடம் வருகிற ஆண்டவர், கோவில் வாசலோடு திரும்பிப் போகிறவர் அல்ல. நம்மோடு வீட்டுக்கு வருகிறார். கதவருகில் நின்று தட்டுகிறார் (திவெ 3:20). சில நேரம் அவர் தட்டுவது பின்கதவாகவும் இருக்கலாம்.

இந்த வாரம் குடும்ப செபம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பேசிப் பாருங்கள்: நம் வீட்டில் ஆண்டவருக்கு இன்னும் திறக்காத அறை எது? நம் வாசலில் வேறு குவளையில் தண்ணீர் பெறுகிறவர் யாராவது இருக்கிறாரா?

செபம்: ஆண்டவரே, எங்கள் முன்னறையை மட்டும் உமக்குக் கொடுத்து உம்மை அங்கேயே நிறுத்திவிட்டோம். அடுக்களைக்கும் வாரும், எங்கள் கணக்கு வழக்குகளையும் பாரும். பின்வாசலில் நிற்பவரின் முகத்தில் உம்மைக் கண்டு, "வாங்க" என்று மனதாரச் சொல்ல எங்களுக்கு அருள் தாரும். ஆமென்.