சீசனுக்கு ஏத்த மாதிரி நீளும் ரயில்: ஜெர்மனி கண்ட வழி

கிராமத்துப் பாதையில் நீளமான ரயில் விட்டா, சாதாரண நாளில் காலியா ஓடும். குட்டி ரயில் விட்டா, விடுமுறை சீசனில் நிற்கக்கூட இடம் இருக்காது. என்ன செய்யலாம்?

1950-ல் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்தது 'ரயில் பஸ்'. பஸ் மாதிரி எடை குறைவு, தரைக்கு அடியில் டீசல் இன்ஜின். செலவும் குறைந்தது. ஆனால் முதல் மாடலில் ஒரே இன்ஜின், லேசான இணைப்பு. அதிகப் பெட்டிகளைச் சேர்க்க முடியவில்லை.

1955 முதல் வந்த வி.டி. 98-ல் தலா 150 குதிரைத்திறனுடன் 2 இன்ஜின்கள், வழக்கமான ரயில் இணைப்பு. கூட்டம் வந்தா பெட்டியைச் சேர்க்கலாம், குறைஞ்சா கழற்றலாம். மொத்தத்தையும் ஓட்ட ஒரே டிரைவர் போதும்.

மூடப்பட வேண்டிய பல பாதைகள் இதனால் கூடுதல் காலம் பிழைத்தன. அதனால்தான் இதற்கு 'கிளைப் பாதைகளின் ரட்சகன்' என்று பட்டப்பெயர்!