பொன்முடி ஏறும் அம்பாசடர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பழைய அம்பாசடரில் பிக்கப் போதவில்லை என்பது அந்த ஏற்றத்தில்தான் உறைக்கும். இஞ்சினையே மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனையும் அங்கேதான் பலருக்கு வரும். பணத்தை எண்ணிச் செலவழிப்பவர் கடைசியாக யோசிக்க வேண்டிய வழி அது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினில் இன்னும் எடுக்கப்படாத சக்தி இருக்கிறது. அதைக் குறைந்த செலவிலேயே எடுக்கலாம்.

ஆதாரம் அந்த இஞ்சினின் வரலாற்றிலேயே இருக்கிறது. அது இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' வகை. அதே 1489 சிசி இஞ்சின், 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன் தந்தது. அம்பாசடரில் அது தந்தது சுமார் 50தான். எம்ஜிஏவில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் இருந்தன, கம்ப்ரஷன் விகிதமும் 8.3. அம்பாசடருக்கோ ஒற்றைக் கார்புரேட்டர், அன்றைய குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்ற தாழ்ந்த கம்ப்ரஷன். நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைய சிலிண்டர் ஹெட்டில் இரண்டே வழிகள் என்பது மட்டும் இரண்டு கார்களுக்கும் பொது.

ஆகவே இஞ்சின் செலவுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் இழந்ததை மீட்க வேண்டும். கம்ப்ரஷன் சோதித்து, தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றி, வால்வுகளை உட்காரவைத்து, இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்து, கார்புரேட்டரைப் புதுப்பித்தாலே வண்டி வேறாகத் தெரியும். ஹெட்டைக் கழற்றும்போதே அடுத்த வேலைகளையும் லேத் பட்டறையில் முடித்துவிடலாம். ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிதளவு சீவினால் கம்ப்ரஷன் உயரும். இன்றைய பெட்ரோல் அதைத் தாங்கும். காற்று வழிகளின் கரடுமுரடை நீக்கினால் இஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். 2000இல் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டதால், கடினமான வால்வு சீட்டுகளையும் பொருத்துவது நல்லது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ரப்பர் குழாய்களை மாற்றி, கார்புரேட்டரில் கலவையைச் சற்றே செறிவாக்க வேண்டும்.

எம்ஜிஏவின் சக்தி அதிக சுற்றில் அல்லவா வருகிறது, மலையில் அது எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஏற்றத்துக்கு வேண்டியது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை. அதனால்தான் ரேஸ் கேம்ஷாஃப்ட், இரட்டைக் கார்புரேட்டர் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கம்ப்ரஷனையும் மூச்சையும் மட்டும் கவனிக்கச் சொல்கிறோம்.

அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் 75 குதிரைத்திறன் கொண்ட 1817 சிசி இசுசு இஞ்சினைப் பொருத்தவில்லையா என்பது இன்னொரு வாதம். பொருத்தியது உண்மை, ஆனால் கூடவே ஐந்து கியர் பெட்டியையும் தந்தது. நாம் அதைச் செய்யப் போனால் கியர் பெட்டி, மவுண்டிங், ரேடியேட்டர் என்று செலவு கிளைவிடும். சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் இதில் தந்திருந்த தளர்வை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஹெட் வேலையில் இஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறுவதில்லை.

ஏறும் வண்டி இறங்கவும் வேண்டும். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். எனவே முதல் ரூபாயைப் பிரேக்குக்குச் செலவிடுங்கள், அடுத்ததை ஹெட்டுக்கு. அதற்குப் பிறகும் சக்தி போதவில்லை என்றால், உங்களுக்குத் தேவை வேறு இஞ்சின் அல்ல, வேறு கார்.