கைப்பேசிப் போர்க்களம்: விட மனம் வராதது ஏன்?

வாசுதேவநல்லூரில் மாலை வேளையில் பாருங்கள்: திண்ணையில் நான்கு மாணவர்கள்; ஆளுக்கொரு கைப்பேசி; நால்வரும் ஒரே அணி! 2021இல் வெளியான 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' ஆட்டத்தில் 100 பேர் வரை களமிறங்குவர்; ஓர் அணியே வெல்லும். பெரும்பாலோர் தோற்கும் ஆட்டத்தை விட மனம் வராதது ஏன்?

முதற்காரணம், நிச்சயமின்மை. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு அளித்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது மூளையின் டோபமின் நரம்பணுக்கள் கிளர்ச்சியுற்றன. முன்னறிவிப்புடன் தவறாமல் கிடைத்தபோதோ, சாறு வந்த வேளையில் அவை அடங்கியிருந்தன! வெற்றி உறுதியென்றால் ஆட்டமும் சலித்துவிடும் அன்றோ?

மற்றொன்று, தோழமை. நாம் எழுந்தால் அணி தளரும். அதனால் பாடமும் உறக்கமும் காத்திருக்கின்றன. எனவே மாணவர்களே, எத்தனை ஆட்டம் என்பதைத் தொடங்குமுன் நால்வரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பிறகு எழுவது எவருக்கும் துரோகமாகாது!