கடல் கடக்காத சிப்பாயின் தடம்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ உடை அணிந்த எல்லோரும் பிரான்ஸின் பதுங்குகுழிகளுக்குப் போய்விடவில்லை. துறைமுகம், ரயில் பாலம், போர்க்கைதி முகாம் ஆகியவற்றுக்குக் காவல் நிற்கவும், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கவும், குதிரைகளைப் பராமரிக்கவும் உள்நாட்டிலேயே ஏராளமான ஆட்கள் வேண்டியிருந்தது. 1908-ல் தொடங்கிய டெரிடோரியல் படையின் கடமையே தாய்நாட்டுக் காவல்தான். கடல் கடந்து போகச் சம்மதம் என்று தனியாகக் கையெழுத்திட்டவர்களைத்தான் வெளியே அனுப்ப முடியும். 1916-ல் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதன்பின் உள்நாட்டில் தங்கியவர்களில் பலர் வயது கடந்தவர்கள், மருத்துவச் சோதனையில் தேறாதவர்கள், காயம்பட்டுத் திரும்பியவர்கள். அதே ஆண்டு உருவான ராயல் டிஃபென்ஸ் கோர் இத்தகையவர்களைக் கொண்டே காவல் வேலையைப் பார்த்தது.

இப்படி ஒரு முன்னோரைத் தேடும் குடும்பம் முதல் அடியிலேயே ஏமாந்துபோவதுண்டு. பிரிட்டனில் சிப்பாயைத் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கை வைப்பது பதக்க அட்டைகளில்தான். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை ஏறக்குறைய 50 லட்சம் இருக்கின்றன. ஆனால் போர்ப் பதக்கங்கள் வெளிநாடு சென்றவர்களுக்கு மட்டுமே உரியவை. கடல் கடக்காதவனுக்குப் பதக்கம் இல்லை. பதக்கம் இல்லாததால் அட்டையும் இல்லை. அட்டை இல்லை என்பதற்காக அவன் படையிலேயே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். நோயாலோ காயத்தாலோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பர் முதல் வழங்கப்பட்ட வெள்ளிப் போர்ச் சின்னம் இதற்கு விலக்கு. உள்நாட்டில் மட்டும் பணியாற்றியவரும் அதைப் பெற்றிருக்கலாம். அதன் பதிவேட்டில் சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் ஆகியவற்றோடு வெளிநாடு சென்றாரா இல்லையா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.

அடுத்த இடி பணிக்கோப்பு. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள் லண்டன் வால்வொர்த் பகுதியில் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் கிடங்கு தீப்பற்றி, பாதிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. மிஞ்சியவற்றுக்குக் காப்பகத்தில் வழங்கும் பெயரே ‘எரிந்த ஆவணங்கள்’. ஓரம் கருகிய தாள்கள், தீயணைப்பு நீரில் மை கலைந்த வரிகள், நடுவில் மட்டும் படிக்க முடிகிற கையெழுத்து: திரையில் பார்க்கும்போதே அந்த இரவின் சேதம் தெரியும். கோப்பு கிடைத்துவிட்டால் நல்ல காலம்தான். சேரும்போது நிரப்பிய படிவத்தில் வயது, தொழில், உயரம், நெருங்கிய உறவினர் எல்லாம் வரும். ராணுவ வரலாற்றுத் தாளில் நாட்டின் பெயருக்கான கட்டத்தில் ‘உள்நாடு’ என்று மட்டும் எழுதி, எதிரே தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருக்கும். இடையில் வேறு நாட்டின் பெயர் ஏதும் இல்லையென்றால், பதக்க அட்டை ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை அந்த ஒற்றை வரியே.

கோப்பு எரிந்திருந்தால் பணக்கணக்கைத்தான் நம்ப வேண்டும். ராணுவம் எதை மறந்தாலும் பட்டுவாடாவை மறக்காது. பணியில் இறந்தவரின் சம்பளப் பாக்கி யாருக்குப் போயிற்று என்று எழுதிவைத்த பேரேடுகள் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளன. இறந்த இடம், நாள், பணம் பெற்றவரின் பெயரும் உறவும், பிற்பாடு சேர்ந்த போர்க்காலப் பணிக்கொடை ஆகியவை அவற்றில் பதிவாகியிருக்கும். அந்தப் பணிக்கொடைத் தொகை பணிக்காலத்தைப் பொறுத்தது என்பதால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அவர் சேர்ந்த மாதத்தை ஓரளவு சொல்லிவிடலாம். ஓய்வூதிய அட்டைகளும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகம் கழித்துக்கட்ட இருந்த அவற்றை வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு 2012-ல் கேட்டு வாங்கிக் காப்பாற்றியது. போரில் உயிர் பிழைத்தவருக்கு 1918-ன் ‘ஊரில் இல்லாத வாக்காளர்’ பட்டியல் உதவும். வீட்டு முகவரிக்கு நேரே படை எண்ணும் பிரிவும் அதில் அச்சாகியிருக்கும்.

எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1917 தொடக்கத்தில் டெரிடோரியல் படையினர் பலருக்குப் பழைய எண்ணை மாற்றி ஆறிலக்க எண் கொடுத்தார்கள். ஒரே ஆள் இரண்டு எண்களில் தென்படுவார். இருவேறு ஆட்கள் என்று எண்ணிக் குழம்பக் கூடாது. பிரிவு மாறினாலும் எண் மாறும்.

கல்லறை விஷயத்தில் நிலைமை தலைகீழ். போர்முனையில் மாண்டவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. லட்சக்கணக்கானோருக்கு அடையாளம் தெரிந்த கல்லறையே கிடையாது. உள்நாட்டில் காய்ச்சலிலோ பயிற்சி விபத்திலோ இறந்தவரைக் குடும்பம் சொந்த ஊருக்கு எடுத்துச்சென்று அடக்கம் செய்ய முடிந்தது. அவர் மரணமும் மற்றக் குடிமக்களின் மரணத்தைப் போலவே சாதாரணப் பதிவேட்டில் ஏறியது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மரணம் பதிவாவது இறந்த இடத்தில். மருத்துவமனை தெற்கேயும் ஊர் வடக்கேயும் இருந்தால் சான்றிதழ் ஓரிடத்தில், கல்லறை வேறிடத்தில் கிடைக்கும். உள்ளூர் வாரப் பத்திரிகையில் இறுதி ஊர்வலச் செய்தி வந்திருந்தால் இரண்டையும் அது இணைத்துவிடும்.

கல்லறைகளுக்குப் பொறுப்பு, 1917-ல் அரச சாசனத்தால் அமைந்த இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருந்தபடி இறந்த எவரும், காரணம் எதுவானாலும், அதன் பட்டியலுக்கு உரியவர். குண்டில் செத்தவருக்கும் சமையற்கூடத்தில் நிமோனியாவில் சுருண்டவருக்கும் ஒரே அளவுக் கல்தான்: 2 அடி 8 அங்குல உயரம். மேலே படைச்சின்னம், கீழே எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள். பிரிட்டனில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இந்தப் போர்க் கல்லறைகள் சிதறிக் கிடக்கின்றன. ஆணையத்தின் தரவுத்தளத்தில் பெயரைத் தேடினால் ஊரும், சிற்றூர்த் தேவாலயமானால் ‘கோயிலுக்கு வடகிழக்கே’ என்பது போன்ற குறிப்பும் வரும். அங்கே போய் வெள்ளைக் கல்லை மட்டும் தேடினால் தவறவிட நேரும். குடும்பமே வைத்த கல்லில் பெற்றோரின் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருக்கலாம். பெரிய நகரங்களில் பொதுக்குழியில் புதைக்கப்பட்ட ஏழைச் சிப்பாய்களின் பெயர்கள் ஒரு சுவரில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

பட்டியலில் பெயரே இல்லாமலும் போகலாம். பணியிலிருந்து விலகியபின் இறந்தவர்கள் விஷயத்தில் அப்படி நடந்திருக்கிறது. காலவரையறைக்குள் மரணம் நிகழ்ந்து, பணியில் வந்த நோயாலோ, பணியால் முற்றிய நோயாலோதான் அது நேர்ந்தது என்று காட்ட முடிந்தால் இன்றும் ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். பணிக்குச் சான்று, மரணச் சான்றிதழ், இரண்டையும் இணைக்கும் விடுவிப்புத் தாள் அல்லது ஓய்வூதிய அட்டை ஆகியவை வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, கல்லறை தெரிந்தால் அங்கே அடையாளம் வைக்கப்படும். தெரியாவிட்டால், சர்ரேயிலுள்ள புரூக்வுட்டில் இத்தகையவர்களுக்கென்று 2015-ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பெயர் சேரும்.