நேட்டால் போன சித்தூர்

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை. சனிக்கிழமைதோறும் விளக்கேற்றித் திருமலைப் பெருமாளைக் கும்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழும் பேச வராது, தெலுங்கும் பேச வராது, வீட்டுமொழி ஆங்கிலம்தான். ஏழுமலையானைத் தெரிந்திருக்கிற அவர்களுக்கு, தங்கள் முப்பாட்டன் அந்த மலையடிவாரத்து ஊர்களில் ஒன்றிலிருந்தே கப்பலேறியிருக்கக்கூடும் என்பது தெரியாது. நமக்கும் தெரியாது. புரட்டாசி விரதம் தமிழகம் முழுக்க உள்ள வழக்கம் என்பதால் அதை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் ஊரைச் சொல்லும் ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லும் கடமை சித்தூருக்கும் திருப்பதிக்கும் உண்டு என்பதே என் வாதம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே போனவர்கள். அவர்களை அதிகமாக அனுப்பிய ஜில்லாக்களின் முன்வரிசையில் வட ஆற்காடு நின்றது. மழையை நம்பிய மேட்டுநிலம், நிலமில்லாத உழைப்பாளிகள், 1876–78இன் பெரும்பஞ்சம், ஊர் ஊராக அலைந்த ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகள் என்று காரணங்கள் பல. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைமேல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விழ 1895இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்துத்தான் 1913இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையும் கரும்புத் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். மறு ஆண்டே வரி ஒழிந்தது. காந்தியின் பெயரோடு நாம் நினைவுகூரும் அந்தப் போராட்டத்தில் நடந்த கால்களில் வட ஆற்காட்டுக் கால்களும் உண்டு.

அந்த வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் வேலூர் அல்ல, சித்தூர். திருப்பதி அடங்கிய சந்திரகிரி தாலுகாவும் பலமநேர் தாலுகாவும் காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஜமீன்களும் அதற்குள்தான் இருந்தன. 1911 ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லாவானது. அதே ஆண்டு ஜூலையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. ஆகவே கப்பல் பதிவேடுகளில் சித்தூர் ஜில்லா என்று ஒரு ஜில்லாவைக் காண்பது அரிது. சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாரும் அவற்றில் வட ஆற்காட்டுக்காரர்கள். பிறகு 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. தமிழகப் பக்கத்திலும் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனப் பழைய ஜில்லா சிதறிப்போனது. இன்று வேர் தேடி வரும் தென்னாப்பிரிக்கர் கையில் வட ஆற்காடு என்ற பெயரோடு வந்தால், அவரை எல்லாரும் வேலூருக்குக் கைகாட்டுகிறார்கள். சந்திரகிரி வட ஆற்காடாக இருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

மொழியை வைத்துப் பிரித்துவிடலாமே, பிள்ளை என்றால் தமிழகம், நாயுடு என்றால் ஆந்திரம் என்பார்கள் சிலர். இந்த வட்டாரத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நகரியில் தறி நெய்யும் முதலியார் வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். வேலூர்ப் பக்கத்து நாயுடு வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். எல்லைக்கு இந்தப் பக்கம் நம் திரௌபதியம்மன் கோயில்களில் நடப்பதும் இதேதான். நேட்டாலுக்குப் போனதும் இந்தக் கலவைதான். அங்கும் தெருக்கூத்து ஆடினார்கள், தீ மிதித்தார்கள். பின்னாளில் தமிழ்ச் சங்கம் ஒருபுறம், ஆந்திர மகாசபை ஒருபுறம் என்று அமைப்புகள் பிரிந்தன. ஒரே தாலுகாவிலிருந்து ஒரே கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பெயர்ப்பலகைகளின் கீழ் நிற்கிறார்கள்.

பதிவேடுகளை நம்ப முடியாது என்பது அடுத்த ஆட்சேபம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். காளஹஸ்தியைக் காலஸ்திரி என்று எழுதிய காலம் அது. உண்மைதான், அதனால்தான் உள்ளூர்க் காது தேவைப்படுகிறது. திருச்சானூரும் அலமேலு மங்காபுரமும் ஒன்றென்பது டர்பனில் இருப்பவருக்கு விளங்காது, திருப்பதியில் இருப்பவருக்கு விளக்கவே வேண்டாம்.

ஆறு தலைமுறை கடந்தவர்களை இன்னும் நம்மவர் என்று பிடித்திழுப்பது அவர்களுக்கே ஆபத்து என்ற எச்சரிக்கையை மட்டும் நான் மதிக்கிறேன். 1969இல் நெதர்லாந்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி மொராக்கோவிலிருந்து வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சங்கடத்தை அனுபவிக்கிறார்கள். அங்கேயே பிறந்தும் மொராக்கோ குடியுரிமையைக் கைவிட வழியில்லை. அதையே காட்டி அவர்களுடைய விசுவாசத்தைச் சந்தேகிக்கும் அரசியலும் அங்கே உண்டு. ஆனால் உரிமை கொண்டாடுவது வேறு, கேட்டவருக்குத் தகவல் தருவது வேறு. தென்னாப்பிரிக்க இந்தியர் தென்னாப்பிரிக்கரே. நிறவெறிக்கு எதிராகப் போராடி அந்த மண்ணைத் தமதாக்கிக்கொண்டவர்கள். அவர்கள் கேட்பது ஓர் ஊர்ப்பெயர்.

அந்தப் பெயருக்கு இன்று நடைமுறைப் பயனும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கான தலைமுறை வரம்பைச் சூரினாம் இந்தியருக்கு 2023இலும் மொரீஷியஸ் இந்தியருக்கு 2024இலும் இந்தியா தளர்த்தியது. அத்தகைய சலுகை எதற்கும் மூதாதையின் இந்திய வேரை நிறுவும் தாள் வேண்டும், ஊர்ப்பெயர் அதற்குத் துணை. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள வட ஆற்காட்டு வரிகளை எடுத்து, பழைய தாலுகா, கிராமப் பெயர்களை இன்றைய மண்டலங்களோடு பொருத்தும் ஓர் அகராதியைத் திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யலாம். தெலுங்கும் தமிழும் அறிந்த மாணவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எல்லைக்காக நாம் சண்டை போட்டது போதும். எல்லை வருமுன் போனவர்களுக்காக ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய இரண்டு மாநிலங்களுக்கும் இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை.